பூனையின் மீசையில் கத்தரி வைக்காதே

அன்பு மகள் தமிழரசிக்கு, அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் நலம். உன் நலத்தையும், உன்னோடு புதிதாகக் குடியேறியிருக்கும் சாம்பல் நிறக் குட்டியின் நலத்தையும் அறிய ஆவல்.

குட்டியின் மீசை முகத்துக்குப் பொருந்தாமல் நீண்டிருப்பதாகவும், அதைச் சற்றே கத்தரித்துவிடலாம் என்று உன் அறைத்தோழி சொல்வதாகவும் எழுதியிருந்தாய். வேண்டாமம்மா. வெட்டினால் வலிக்காது என்று அவள் சொல்வது சரிதான். முடியில் நரம்பு கிடையாது. உணர்வெல்லாம் அதன் வேரில் இருக்கிறது. உடம்பின் மற்ற மயிர்களைவிடத் தடித்த இந்த முடி, அவற்றைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு ஆழத்தில் ஊன்றியிருக்கிறது. வேரைச் சுற்றி இரத்தம் நிறைந்த ஒரு சிறு பையும், அதையொட்டி நெருக்கமாக நரம்பு முனைகளும் உள்ளன. நுனி எதன்மீதாவது பட்டு இம்மியளவு வளைந்தாலும், எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் வளைந்தது என்ற செய்தி வேர்வழியாக மூளைக்குப் போய்விடுகிறது. காற்று இலேசாக அசைந்தால்கூட அது உணரப்படும். முடியைக் குட்டையாக்கினால் வேர் இருந்தும் பயனில்லை. அது மீண்டும் வளரும்வரை குட்டி தடுமாறும்.

இத்தனை ஏற்பாடு எதற்கு என்றால், பூனையின் கண்ணுக்கு ஒரு குறை உண்டு. மங்கிய வெளிச்சத்தில் நம்மைவிட நன்றாகப் பார்க்கும் அந்தக் கண்ணுக்கு, சுமார் 30 சென்டிமீட்டருக்குள் வந்துவிட்ட பொருள் தெளிவாகத் தெரியாது. எலியைப் பிடித்து வாயருகே கொண்டுவந்த பிறகு, அது எந்தப் பக்கம் திமிறுகிறது, கழுத்து எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் மீசைதான் சொல்ல வேண்டும். மூக்கின் இருபுறமும் பக்கத்துக்குச் சுமார் 12 முடிகள் 4 வரிசைகளில் இருக்கும். மேல் இரண்டு வரிசைகளைத் தனியாகவும் பூனையால் அசைக்க முடியும். ஒரு நூலைத் தரையில் இழுத்துக் காட்டிக் குட்டி பாயும் நேரத்தில் அதன் முகத்தைக் கவனி. பக்கவாட்டில் விரிந்திருந்த மீசை முழுவதும் முன்னால் வளைந்து, நூலைச் சூழ்ந்துகொள்வதைக் காண்பாய். உன் தோழியையும் அருகில் உட்காரவைத்துக் காட்டு. என் கடிதத்தைவிட அது நன்றாகப் புரியவைக்கும்.

மீசை முகத்தோடு முடிந்துவிடவில்லை. புருவத்தின் மேலும் கன்னத்திலும் முகவாயிலும் இத்தகைய முடிகள் உண்டு. முன்னங்காலை மெல்லத் திருப்பி, மணிக்கட்டுக்குச் சற்று மேலே பின்புறம் பார்த்தால் அங்கேயும் சில நீண்ட முடிகள் தெரியும். பிடித்த இரை காலடியில் அசைகிறதா என்பதை உணர அவை உதவுகின்றன. சந்து பொந்துகளில் உடல் நுழையுமா என்று மீசையை வைத்தே பூனை அளந்துகொள்ளும் என்று எல்லோரும் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் மீசையின் வேலையே அதுதான் என்று நினைப்பது மிகை.

இன்னொன்றையும் பழகிக்கொள். மீசை முன்னோக்கி நீண்டால் குட்டிக்கு ஏதோ ஆர்வம். கன்னத்தோடு ஒட்டிப் பின்வாங்கினால் அச்சம். வலியின்போதும் அதன் நிலை மாறும். பூனையின் முகத்தைப் பார்த்து வலியை மதிப்பிட மாண்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட அளவுகோலில், காது, கண், மூக்கு வாய்ப் பகுதி, தலையின் நிலை ஆகியவற்றோடு மீசையும் இடம்பெற்றிருக்கிறது. வாய்விட்டுச் சொல்லத் தெரியாத உயிரிடம் இது நமக்குக் கிடைத்த பெரிய உதவி.

ஒன்றிரண்டு முடிகள் தாமாக உதிர்ந்து தரையில் கிடந்தால் பதற வேண்டாம்; புதியவை முளைக்கும். கொத்தாக உதிர்ந்தாலோ தோல் சிவந்திருந்தாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டு. மீசை உரசாமல் சாப்பிடுவதற்கென்று விலை உயர்ந்த தட்டுகள் விற்கிறார்களாம். அதற்குப் பணத்தைக் கொட்டாதே. வீட்டில் இருக்கும் அகலமான பழைய தட்டே போதும்.

அன்புடன்,
அப்பா