பொங்கல் மலரில் காலிப்பர் போட்டவர்களும் வரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் தீபாவளி இணைப்பிதழின் ஆடைப் பக்கங்களை ஆசையாகப் படித்தேன். சுங்குடிப் புடவைக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தது மனசுக்கு நிறைவாக இருந்தது. ஆனால் அத்தனை படங்களிலும், நடுநடுவே வந்த ஜவுளிக்கடை விளம்பரங்களிலும், ஊன்றுகோல் பிடித்தவரோ சக்கர நாற்காலியில் இருப்பவரோ ஒருவர்கூட இல்லை. மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3 அன்று எங்கள் படம் வந்தது. அதில் உதவித்தொகை வாங்க வரிசையில் இருக்கிறோம். அந்தப் படம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது ஒன்றுதானா என்று கேட்கிறேன்.

சின்ன வயதில் போலியோ வந்து, வலது காலில் காலிப்பர், அதாவது காலைத் தாங்கிப் பிடிக்கும் சட்டம், போடுகிறவள் நான். உட்காரும்போது முட்டியில் இருக்கும் பூட்டைத் தூக்கிவிட்டுக் காலை மடக்க வேண்டும், எழுந்ததும் மறுபடி பூட்ட வேண்டும். துணி அந்த இடத்தில் சிக்கிச் சிக்கி, புது சுடிதார் பேன்ட்கூட சீக்கிரமே நைந்து ஓட்டை விழுந்துவிடும். லெக்கின்ஸ் எல்லாம் நினைத்தே பார்க்க முடியாது. எனக்குத் தைத்துக் கொடுக்கும் அக்கா முட்டிக்கு உள்பக்கம் கெட்டித் துணியில் ஒட்டுப் போட்டு, பக்கவாட்டில் ஜிப் வைத்துத் தருவார். கடையில் இப்படி ஒரு பேன்ட் தொங்கி நான் பார்த்ததே இல்லை. அமெரிக்காவின் டாமி ஹில்ஃபிகர் நிறுவனம் 2016-லேயே மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்காக, பட்டனுக்குப் பதில் காந்தம் வைத்த உடைகளைக் கொண்டுவந்துவிட்டது. விளக்குத்தூண், மாசி வீதி என்று திரும்பிய பக்கமெல்லாம் ஜவுளியும் தையலுமாக இருக்கும் மதுரையில் இது முடியாத காரியமா? விளம்பரத்தில் எங்களைப் பார்த்தே பழகாத கடைக்காரருக்கு, எங்களுக்கும் துணி வேண்டும் என்று எப்படித் தோன்றும்? 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மட்டும் 11 லட்சத்துக்கும் அதிகமான மாற்றுத்திறனாளிகள் இருக்கிறோம். பண்டிகைக்குத் துணி எடுக்காமலா இருக்கிறோம்?

சினிமாவும் அப்படித்தான். காலைத் தாங்கி நடப்பவர் வந்தால் பெரும்பாலும் சிரிக்க வைக்க, இல்லை அழ வைக்க. மாற்றுத்திறனாளிகளை இழிவுபடுத்தும் கேலி கூடாது, பரிதாபத்துக்குரியவர்களாகவோ அதிசயப் பிறவிகளாகவோ மட்டும் காட்டக் கூடாது, அவர்களையும் சேர்த்துக்கொண்டு படைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் தெளிவாகச் சொன்னது. ஆனாலும் பார்வையற்றவர் வேடம் என்றால் பார்வை உள்ள நடிகரைத்தான் தேடுகிறார்கள். விபத்தில் காலை இழந்து, ஜெய்ப்பூர் கால் என்ற செயற்கைக் காலோடு மேடையேறிய நடனக் கலைஞர் சுதா சந்திரன், தன் கதை படமானபோது தானே நடித்தார். அது 1980-களில். அப்போது முடிந்தது இப்போது ஏன் முடியாது?

நம்ம ஊர் ஜெர்லின் அனிகா 2022-ல் பிரேசிலில் நடந்த காது கேளாதோர் ஒலிம்பிக்கில் பேட்மின்டனில் 3 தங்கம் வாங்கியபோது எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. ஆனால் பதக்கம் வாங்கினால்தான் பத்திரிகையில் படம் என்றால் மற்றவர்கள் என்ன செய்வது? வேலைக்குப் போய்வந்து, சாதாரணமாக வாழும் ஒரு பெண் நல்ல புடவை கட்டி நிற்கும் படம் ஒன்று வரட்டுமே.

பொங்கல் மலர் வேலை இந்நேரம் தொடங்கியிருக்கும். இந்த முறை மதுரையிலிருந்தே இரண்டு மூன்று மாற்றுத்திறனாளிகளைக் கூப்பிடுங்கள். படம் எடுக்கும் இடத்தில் படிக்கட்டு இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலிப்பரைப் புடவைக்குள் மறைக்கச் சொல்லாதீர்கள். அப்புறம், மற்ற மாடல்களுக்குத் தரும் அதே சம்பளத்தை அவர்களுக்கும் கொடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
பழங்காநத்தம், மதுரை.