அசல்கள் தம்பியிடம் வருகின்றன

முரசுமோட்டை,
கிளிநொச்சி.

அன்பு மகளுக்கு,

நாங்கள் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோ மட்டும் விடவில்லை. இரணைமடுத் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்துவிட்டது, விதைப்பும் முடிந்தது.

தம்பி வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸில் வருகிறான். புழுக்கொடியலும் பைலும் அவன் கையில் வரும். அசல் சான்றிதழ்கள் எல்லாம் பைலில் இருக்கின்றன, எண்ணிப் பார்த்து வாங்கு. பிறப்புச் சான்றிதழில் மாத்தளனில் நனைந்த மூலை வாசிக்க முடியாமல் கிடக்கிறது. பிரதேச செயலகத்தில் புதுப் பிரதி எடுத்து மேலே வைத்திருக்கிறேன்.

மூன்று கிழமையாக நீ போன் எடுக்கவில்லை. வேலை தேடுகிற பிள்ளைக்கு ஆயிரம் யோசனை இருக்கும், சரி. திங்கட்கிழமை இன்னொரு நேர்முகம் என்று தம்பிதான் சொன்னான். முதல் இரண்டையும் பற்றி நான் கேட்க மாட்டேன்.

உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றால் ஊர், பள்ளிக்கூடம், பெறுபேறு என்று ஒப்புவிக்காதே. அதெல்லாம் விண்ணப்பத்தில் இருக்கிறது. 2021இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்த போகம் கமக்காரர் அமைப்பின் கணக்கை நீதானே எழுதினாய். 11 பை குறைகிறது என்று பற்றுச்சீட்டுகளைத் திண்ணையில் பரப்பி, காற்றுக்குப் பறக்காமல் புளியங்கொட்டை வைத்து, விடியும்வரை கூட்டினாய். லொறியில் வந்த சீட்டு ஒன்றை யாரோ இரண்டு தரம் பதிந்திருந்தார்கள். அதைச் சொல். கணக்கு வேலைக்கு ஆள் தேடுகிறவருக்கு வேறென்ன வேண்டும்?

சிங்களத்தில் கேட்டால் தெரிந்தவரை பேசு. விளங்காததற்குத் தலையாட்டாதே, திரும்பக் கேள். ஏஎல் சோதனை ஏன் ஒரு வருடம் பிந்தியது என்றால், 2009இல் போரால் இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாமில் இருந்தோம் என்று ஒரு வரியில் சொல்லி நிறுத்து. போன தரம் அந்த இடத்தில்தான் உனக்குத் தொண்டை அடைத்ததாம். சரி, கேட்க மாட்டேன் என்றேன்.

ஞாயிறே போய்க் கட்டடத்தைப் பார்த்துவிட்டு வா. காலையில் காலி வீதி நெரிசலை நம்பேலாது. பிந்திப் போகிற பழக்கம் உனக்கு என்னிடமிருந்து வரவில்லை. அசலைக் காட்டிவிட்டுக் கையோடு வாங்கிக்கொள், பிரதியை மட்டும் கொடு. அசலை விட்டுவிட்டு வராதே.

அசல், அசல் என்று இந்த மனுசன் ஏன் நச்சரிக்கிறார் என்று நினைப்பாய். 2022இல், சனம் பெற்றோல் வரிசையில் கிடந்த நேரம், உனக்கு ஒரு கடிதம் வந்தது. நேர்முகத்துக்குக் கொழும்புக்கு வரச் சொல்லி. அந்த நாளில் தபால்காரரின் மணி கேட்டாலே நீ படலைக்கு ஓடுவாய். அன்று கிணற்றடியில் நின்றாய், நான்தான் வாங்கினேன். றங்குப் பெட்டிக்குள், காணி உறுதிக்குக் கீழே வைத்துவிட்டேன். பஸ் இல்லை, கொழும்பு குழம்பிக் கிடக்கிறது என்று எனக்கு நானே சாட்டுச் சொன்னேன். பஸ் ஓடியது. அண்ணாவைத் தருமபுரத்தில் தனிய அனுப்பினவன் நான். இன்னொரு பிள்ளையை என் கையால் பஸ் ஏற்ற மனம் வரவில்லை. நாள் கடந்த பிறகு எடுத்துத் தர முகமும் இல்லை. அம்மாவுக்கும் தெரியாது. ஒருவரும் என்னைக் கூப்பிடவில்லை அப்பா என்று நீ ஒரு கிழமை சரியாகச் சாப்பிடாமல் படுத்தாய். பக்கத்தில் இருந்து, அடுத்தது வரும் பிள்ளை என்று சொன்னவனும் நான்தான்.

அந்தக் கடிதம் பைலில் கடைசித் தாளாக இருக்கிறது. திங்கட்கிழமை போக முன் அதை வெளியே எடுத்துவிடு. மற்றவற்றோடு கலந்துவிடும்.

அப்பா