அந்தரத்தில் நிற்கும் கவுண்டருக்கு முட்டுக் கொடுக்கும் முறை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே இருக்கும் சுவரை எடுத்துவிட்டு, அங்கே ஒரு குட்டைச் சுவர் எழுப்பி, அதன்மேல் ஹால் பக்கமாக நீட்டி நிற்கும் கிரானைட் பலகை போடுவது மதுரையில் இப்போது பரவலாகிவிட்டது. 'பார் கவுண்டர்' என்கிறார்கள். அதன்மேல் காபி டம்ளர் இருக்குமா, வேறு டம்ளர் இருக்குமா என்பது அவரவர் வீட்டு விவகாரம். இதை ஆள் வைக்காமல் நாமே செய்துகொள்ளலாம் என்று தங்கள் வீட்டு இணைப்பில் வந்த குறிப்பில் கல்லின் நிறம், தொங்கும் விளக்கு, ஸ்டூல் எல்லாம் இருந்தன. பலகையை எது தாங்குகிறது என்பதைப் பற்றி ஒரு வரி இல்லை. படத்திலும் கல் அந்தரத்தில்தான் நின்றது. அதைப் பார்த்துச் செய்யக் கிளம்பியவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

முதலில் அளவு. சமையல் மேடை 36 அங்குலம், சாப்பாட்டு மேசை 30 அங்குலம், பார் கவுண்டர் 42 அங்குலம் உயரம். அதற்கு 28 முதல் 30 அங்குல ஸ்டூல் சரியாக இருக்கும். உட்காரும் இடத்துக்கும் பலகையின் அடிப்பக்கத்துக்கும் 10 முதல் 12 அங்குல இடைவெளி வேண்டும். குறைந்தால் தொடை இடிக்கும். முழங்கால் உள்ளே போக, பலகை சுவரைத் தாண்டி 12 அங்குலம் நீட்ட வேண்டும். ஆளுக்கு 2 அடி அகலம் என்றால் 6 அடிக் கவுண்டரில் மூன்று பேர் உட்காரலாம்.

இனி சிக்கல். பலகையின் அகலம் 18 அங்குலம் என்று கொள்வோம். சமையலறைப் பக்கம் ஒன்றரை அங்குலம், சுவர் நாலரை, ஹால் பக்கம் 12. பலகையின் நடு ஓரத்திலிருந்து 9 அங்குலத்தில் இருக்கிறது. சுவரோ 6 அங்குலத்தோடு முடிந்துவிடுகிறது. ஆகப் பலகையின் எடை மையமே சுவருக்கு 3 அங்குலம் வெளியே நிற்கிறது. வெறுமனே தூக்கி வைத்தால் யாரும் தொடாமலே ஹாலுக்குள் கவிழும். கவிழாமல் பிடித்துக்கொண்டிருப்பது கலவையின் ஒட்டு மட்டும்தான். கலவைக்கு அமுக்கத்தைத் தாங்கத் தெரியும், இழுவையைத் தாங்கத் தெரியாது.

20 மி.மீ கிரானைட் சதுர அடிக்கு 5 கிலோ வரும். நம் பலகை 9 சதுர அடி, அதாவது 45 கிலோ. எடையைச் சுவர் முகத்திலிருந்து அது இருக்கும் தூரத்தால் பெருக்கினால் கவிழ்க்கும் பலம் கிடைக்கும். கல்லுக்கு 45-ஐ 3-ஆல் பெருக்க 135. எழுபது கிலோ ஆள் ஒருவர் ஓரத்தில் இரண்டு கையையும் ஊன்றி எம்பினால் 70-ஐ 12-ஆல் பெருக்க 840. கல்லை விட ஆறு மடங்கு. 'இவ்வளவு கனமான கல்லைத் தாங்குமா' என்று கேட்பவர்கள் பலர். ஓரத்தில் ஆள் சாய்வதைக் கணக்கில் எடுப்பவர்கள் குறைவு. பண்டிகைக்கு வந்த பிள்ளைகள் அதன்மேல் ஏறி உட்காருவதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

மேலே சொன்ன இரண்டையும் கூட்டினால் 975. இதைச் சுவர் தாங்குமா? 6 அடி நீளம், 40 அங்குல உயரத்தில் நாலரை அங்குலச் செங்கல் சுவர் பூச்சோடு 450 கிலோவுக்குப் பக்கத்தில் இருக்கும். அதன் எடை மையம் முகத்திலிருந்து இரண்டேகால் அங்குலம் உள்ளே. பெருக்கினால் ஆயிரத்துச் சொச்சம். கவிழ்க்கும் பலமும் நிற்கும் பலமும் ஏறக்குறைய சமம்! தனியாக நிற்கும் நாலரை அங்குலச் சுவரில் பார் கவுண்டர் மாட்டக் கூடாது என்பதற்கு இதற்கு மேல் காரணம் வேண்டாம்.

சுவருக்குச் செய்ய வேண்டியவை இவை. ஒரு முனையாவது பக்கச் சுவரையோ தூணையோ தொட வேண்டும். அங்கே துளை போட்டு, 8 மி.மீ கம்பியை எபாக்சிப் பசை வைத்து 4 அங்குலம் உள்ளே இறக்கி, குட்டைச் சுவரின் செங்கல் வரிகளோடு சேர்க்க வேண்டும். மறுமுனை சும்மா நின்றால் அங்கே 9 அங்குலத்துக்கு 9 அங்குலத் தூண் கட்டுங்கள், அல்லது 'ட' வடிவில் ஒன்றரை அடி திருப்பிவிடுங்கள். நாலு வரிக்கு ஒரு முறை 6 மி.மீ கம்பி இரண்டு. கலவை 1:4, அதாவது சிமென்ட் ஒன்றுக்கு மணல் நாலு. உச்சியில் 3 அங்குலக் கான்கிரீட் பட்டை, உள்ளே 10 மி.மீ கம்பி இரண்டு. ஏழு நாளாவது தண்ணீர் காட்ட வேண்டும். சித்திரை வெயிலில் காலையும் மாலையும் ஊற்றினால் போதாது, ஈரச் சாக்கு சுற்றிவிடுங்கள்.

இன்னொரு தவறு அடிக்கடி நடக்கிறது. ஏற்கெனவே பதித்த விட்ரிஃபைடு டைல்ஸின் மேலேயே சுவரை எழுப்பிவிடுகிறார்கள். வழவழப்பான டைல்ஸில் கலவை ஒட்டாது. சுவர் கீழே பிடிப்பில்லாமல் வெறுமனே உட்கார்ந்திருக்கும். சுவர் வரும் கோட்டில் டைல்ஸைக் கட்டர் வைத்து அறுத்து எடுத்து, கான்கிரீட் தெரியக் கொத்திவிட்டுத்தான் முதல் வரி வைக்க வேண்டும். மாடி வீடாக இருந்தால், அந்தக் கோட்டுக்கு அடியில் பீம் ஓடுகிறதா என்று பொறியாளரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. பழைய சுவரை இடிப்பதற்கு முன்னும் அதே கேள்வி உண்டு: அது தளத்தைத் தாங்கும் சுவரா, வெறும் தடுப்பா?

அடுத்தது தாங்கி. கடையில் அலமாரிக்கு விற்கும் தகட்டுத் தாங்கி இதற்கு ஆகாது. கிரில் பட்டறையில் 40×40×5 மி.மீ எல் ஆங்கிளில் முக்கோணமாகச் செய்யச் சொல்லுங்கள். மேல் கை ஒன்பதரை அங்குலம், சுவரோடு நிற்கும் கால் 10 அங்குலம், குறுக்கே 25×5 பட்டை. குறுக்குப் பட்டை இல்லாமல் வெறும் 'எல்' ஆகச் செய்தால் மூலையில் வளையும். வெல்டிங் இரண்டு பக்கமும் முழு நீளம் ஓட வேண்டும், புள்ளி வைத்தால் போதாது. கசடு தட்டி, ரெட் ஆக்சைடு ஒரு கோட், எனாமல் இரண்டு கோட்.

6 அடிக்கு நாலு தாங்கி. முதலாவது முனையிலிருந்து 6 அங்குலத்தில், பிறகு 20 அங்குலத்துக்கு ஒன்று: 6, 26, 46, 66. மூன்று பேர் உட்காரும் இடங்களின் நடு 12, 36, 60-ல் வருவதால் எந்தத் தாங்கியும் யார் முழங்காலிலும் இடிக்காது. மூன்று தாங்கியோடு நிறுத்தினால் நடுத் தாங்கி நடு ஆளின் மடிக்கு நேரே வந்து நிற்கும்.

தாங்கி எதுவும் தெரியக் கூடாது என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்காகச் சிலர் 50×10 பட்டை இரும்பைப் படுக்க வைத்து, மேலே கல்லை ஒட்டிவிடுகிறார்கள். அந்தப் பட்டை 12 அங்குலம் நீட்டி நிற்கையில் நுனியில் 70 கிலோ ஏறினால் 8 மி.மீ வரை தொங்கும்; கிட்டத்தட்ட இரும்பு நிரந்தரமாக வளையும் எல்லை அது. கல் அவ்வளவு வளையாது, விரிசல் விட்டுவிடும். அதைவிட மெல்லிய 50×6 பட்டையை நிறுத்தி வைத்தால், அதே எடைக்கு அரை மில்லிமீட்டர்தான் இறங்கும். எடையும் குறைவு, விலையும் குறைவு. அடியில் 2 அங்குலம் தெரியும், அவ்வளவுதான். முன்னால் ஒரு 2 அங்குல மரப்பட்டி அடித்து மறைத்துவிடலாம். இந்த வகைப் பட்டையின் வாலை உச்சிக் கான்கிரீட்டுக்குள் விட்டு, உள்ளே இருக்கும் கம்பியோடு வெல்டு வைத்த பிறகே கான்கிரீட் போட வேண்டும். பின்னால் சொருகினால் பிடிக்காது.

முக்கோணத் தாங்கியைச் சுவரில் மாட்டுவதில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். ஆள் ஒருவர் ஒரே தாங்கிக்கு நேராகச் சாய்ந்தால் மேல் போல்ட்டை 100 கிலோவுக்கு மேல் வெளியே இழுக்கும். சாதாரண ஆங்கர் போல்ட் முறுக்க முறுக்க விரிந்து பிடிக்கும் வகை. கான்கிரீட்டில் நிற்கும், நாட்டுச் செங்கலையோ பிளந்துவிடும். பிளாஸ்டிக் பிளக் பற்றிப் பேச்சே வேண்டாம். சுவரைக் குறுக்கே துளைத்து 10 மி.மீ மரைக்கம்பியை அந்தப் பக்கம் வரை விட்டு, சமையலறைப் பக்கம் 3 அங்குலச் சதுரத்தில் 6 மி.மீ தகடு வைத்து நட்டு போடுவதே நம்பகமான வழி. ஒவ்வொரு தாங்கியின் காலிலும் மேல்பக்கம் இரண்டு மரைக்கம்பி, கீழ்ப்பக்கம் ஒன்று. சுவர்ப் பூச்சுக்கு முன்பே செய்தால் தகடு டைல்ஸுக்குப் பின்னால் மறைந்துவிடும். துளை போடும்போது மெஷினைச் சுத்தியல் நிலையில் வைக்காதீர்கள், சுற்று மட்டும் போதும். ஹாலோ பிளாக், ஏ.ஏ.சி. எனும் எடை குறைந்த பிளாக் சுவரென்றால் இந்தத் தாங்கி முறையையே விட்டுவிட்டு, ஹால் பக்கம் இரண்டு இரும்புக் கால் தரையில் இறக்குங்கள்.

நாலு தாங்கியும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். இரண்டு கடைசித் தாங்கிகளுக்கு நடுவே நூல் கட்டிப் பாருங்கள், ரசமட்டத்தை மட்டும் நம்பாதீர்கள். ஒன்று 2 மி.மீ தாழ்ந்திருந்தாலும் கல் அதைத் தொடாது. சுமை பக்கத்துத் தாங்கிக்குப் போய், அதன் மேலேயே கல் விரிசல் விடும். தகட்டுத் துண்டு வைத்து நிரவுங்கள்.

கல்லுக்கு அடியில் 18 மி.மீ பி.டபிள்யூ.பி. (தண்ணீருக்குத் தாங்கும்) பிளைவுட் ஒன்று போடுவது நல்லது, பலகையில் ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். நம் வீட்டுச் சமையல் மேடையில் கிரானைட்டுக்கு அடியில் கடப்பாக் கல்லோ கான்கிரீட் தளமோ இருப்பதால்தான் அது காலத்துக்கும் உழைக்கிறது. கவுண்டரில் மட்டும் அதை விட்டுவிடுகிறோம். பிளைவுட்டைத் தாங்கியோடு கீழிருந்து திருகாணி போட்டு இறுக்கி, அதன்மேல் 6 அங்குலத்துக்கு ஒரு பொட்டாகச் சிலிகான் வைத்துக் கல்லை இறக்க வேண்டும். காடி வாடை அடிக்கும் சிலிகான் சில கற்களில் கறை ஏற்றும்; 'நியூட்ரல்' என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். கல் விரிசல் விட்டாலும் காலில் விழாது என்பது பிளைவுட்டால் கிடைக்கும் இன்னொரு லாபம். அதன் ஓரம் தெரியாமலிருக்க கல்லின் முன்பக்கம் டபுள் மோல்டிங், அதாவது ஓரத்துக்கு அடியில் இன்னொரு கல் பட்டை ஒட்டிச் செய்யச் சொன்னால் போதும்.

கல் வாங்க மேலூர்ப் பக்கம் போகிறவர்கள் கையில் டேப்போடு ஒரு ஸ்கேலும் எடுத்துப் போகலாம். 20 மி.மீ என்று சொன்னது 16 இருந்தால் வளைவைத் தாங்கும் பலம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். அலையலையாகக் கோடு ஓடும் வகையில், கோடு சுவருக்கு இணையாக ஓடும்படி அறுக்கக் கூடாது. விரிசல் விட்டால் அந்தக் கோட்டிலேயே விடும். மேலூர் வட்டாரத்தின் காஷ்மீர் ஒயிட் அழகுதான், ஆனால் உறிஞ்சும். மஞ்சளும் எண்ணெயும் புழங்கும் இடத்தில் சீலர் அடிக்காமல் போட வேண்டாம். கூர்மூலையை 2 அங்குல வளைவாக்கச் சொல்லுங்கள். 42 அங்குலம் என்பது ஐந்தாறு வயதுக் குழந்தையின் நெற்றி உயரம். கல்லைத் தூக்கும்போது கண்ணாடியைப் போல நிறுத்தியே தூக்க வேண்டும்.

மரப்பலகை போட விரும்புகிறவர்களுக்கு: தேக்கோ வாகையோ, ஒன்றரை அடி அகலப் பலகை கோடைக்கும் ஐப்பசி மழைக்கும் இடையில் 3 முதல் 5 மி.மீ வரை சுருங்கி விரியும். தாங்கியின் துளைகளை வட்டமாகப் போடாமல் நீள்துளையாகப் போட்டால் பலகை நகர்ந்துகொள்ளும். இல்லாவிட்டால் நடுவில் பிளக்கும். மேல்பக்கம் மட்டும் பாலிஷ் போட்டு அடிப்பக்கத்தைச் சும்மா விட்டால் பலகை கிண்ணமாக வளையும். இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் கோட் வேண்டும்.

கால் வைக்கும் கம்பி தரையிலிருந்து 8 அங்குலத்தில், ஒன்றரை அங்குல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பைப்பில். அதன் மேலும் ஆள் ஏறி நிற்பார் என்று நினைத்தே மாட்டுங்கள்.

கல் ஏற்றும் முன் ஒரு சோதனை. 50 கிலோ சிமென்ட் மூட்டை இரண்டைக் கயிற்றில் கட்டி, ஒவ்வொரு தாங்கியின் நுனியிலும் முறையே தொங்கவிடுங்கள். கீழே யாரும் நிற்க வேண்டாம், சுவருக்கு ஹால் பக்கம் ஒரு சவுக்குக் கம்பு முட்டாக இருக்கட்டும், ஆனால் சுவரைத் தொடக் கூடாது. ஒன்பதரை அங்குலத்தில் 100 கிலோ என்பது ஓரத்தில் ஒரு ஆள் சாய்வதை விடச் சற்றே கூடுதல். ஒரு மணி நேரம் கழித்து, முன்பு கட்டிய நூலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இறங்கியிருந்தாலோ, சுவர் அடியில் மயிரிழை விரிசல் தெரிந்தாலோ, கல்லைக் கடையிலேயே வைத்திருக்கச் சொல்லிவிட்டு, சுவரிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

இப்படிக்கு,
கட்டட, வெல்டிங் பணியாளர்கள் சிலர்,
ஒத்தக்கடை, மதுரை.