மேட்டூர்த் தண்ணீரில் இறங்கப் போகும் சேலத்து டைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தம்பி, தங்கைகளுக்கு வணக்கம்.

மேட்டூர் அணைக்குள் பண்ணவாடிப் பக்கம் மூழ்கிக் கிடக்கும் கோயிலையும் தேவாலயத்தையும் பார்க்கப் போகிறீர்களாம். ஆசை நியாயம்தான். அனுமதி விவகாரத்தை அதிகாரிகளோடு நீங்கள் பேசிக்கொள்ளுங்கள். என்னை உறுத்துவது உங்கள் சிலிண்டர் கணக்கு: முதுகில் காற்று இரண்டு, இடதுபக்கம் 50 சதவீத நைட்ராக்ஸ் (பாதிக்குப் பாதி ஆக்சிஜன் கலந்த காற்று) ஒன்று, சுத்த ஆக்சிஜன் ஒன்று. அடையாளத்துக்குப் பச்சை டேப்பும் மஞ்சள் டேப்பும்!

ஆடிப்பெருக்கு முடிந்த தண்ணீரில் நீட்டின கை தெரிந்தாலே பெரிய விஷயம். அங்கே எந்தப் பச்சை, எந்த மஞ்சள்?

அணையின் முழு மட்டம் 120 அடி என்றதும் மிரண்டுவிட்டீர்கள் போல. அது அணையடியில் அளக்கிற மட்டம். நீர்மட்டம் சுமார் 70 அடிக்கு இறங்கினாலே கோயில் நந்தி வெளியே தெரிகிறது. அப்படியானால் அணை நிரம்பியிருந்தாலும் நந்தியின் தலைக்கு மேல் ஏறக்குறைய 50 அடி, அதாவது 15 மீட்டர். அதற்குக் காற்றே தாராளம். அந்த ஆழத்தில் 50 சதவீத நைட்ராக்ஸைத் தவறி எடுத்தாலும் ஆபத்தில்லை, அது 21 மீட்டர் வரை தாங்கும். ஆக்சிஜனின் எல்லையோ 6 மீட்டர். 15 மீட்டரில் அதைச் சுவாசித்தால் ஆக்சிஜன் அழுத்தம் 2.5 பார்; மேலே வரும் வழியில் நைட்ரஜன் வெளியேறக் காத்திருக்கும் ஓய்வு நிறுத்தத்துக்கே 1.6தான் உச்சம். அதை மிஞ்சினால் வரும் வலிப்பு சொல்லிவிட்டு வராது. கவ்வியிருக்கும் மவுத்பீஸ் வாயிலிருந்து நழுவும், அடுத்த மூச்சு தண்ணீர்.

ஆகவே ஆக்சிஜன் கீழே போகவே வேண்டாம். அது வேண்டும் என்று அடம்பிடித்தால் படகிலிருந்து 6 மீட்டரில் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். அது கைக்கு அகப்படாவிட்டாலும் முதுகுக் காற்றிலேயே மேலே வரும்படி திட்டமும், காற்றும் இருக்கட்டும்.

நைட்ராக்ஸ் எடுத்துப் போகிறவர்களுக்கு: நிரப்பிய கடைக்காரர் சொன்னதை நம்பாமல் ஆக்சிஜன் அளவு காட்டும் அனலைசரில் நீங்களே பார்த்து, ஆழ எல்லையை உள்ளங்கை அகல எண்ணில் சிலிண்டரின் இரு பக்கமும் ஒட்டுங்கள். இறங்கும்போது வால்வு மூடியிருக்க வேண்டும், ஹோஸ் ரப்பர் பட்டைக்குள் செருகியிருக்க வேண்டும். சிலிண்டர் மாற்றும்போது முதலில் ஆழம் பாருங்கள். எண்ணை மாஸ்க் கண்ணாடியோடு ஒட்டிவைத்து டார்ச் அடித்துப் படியுங்கள். வால்வைத் திறந்து, அங்கிருந்து விரலை எடுக்காமல் ஹோஸ் வழியே தடவிக்கொண்டே மவுத்பீஸ் வரை வாருங்கள். கூட வந்தவர் அதே வழியைத் தன் கையாலும் தடவிப் பார்த்து, உங்கள் தோளை அழுத்திய பிறகுதான் வாயில் வைக்க வேண்டும். எண் படிக்க முடியவில்லையா? அந்த சிலிண்டர் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, டைவ் முடிந்த கையோடு ஏற்காட்டுக்கு வண்டியேறும் யோசனையைக் கைவிடுங்கள். 1500 மீட்டர் உயரம் அது; உடம்பில் தங்கிய நைட்ரஜன் வெளியேற ஒரு நாளாவது விடுங்கள். பஜ்ஜி எங்கேயும் போய்விடாது.

அணையில் இறங்குவதற்கு முன் நீச்சல்குளத்தில் மாஸ்க்குக்குக் கறுப்புத் தாள் ஒட்டிக்கொண்டு எல்லோரும் சிலிண்டர் மாற்றிக் காட்டுங்கள். ஒருவர் தவறான ஹோஸைப் பிடித்தாலும், அந்த டைவுக்கு மொத்தக் குழுவும் காற்றோடு மட்டும் போகட்டும்.