கோப்பர்நிக்கஸ் கேட்ட நாணயம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வானியலாளர் கோப்பர்நிக்கஸைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரை, அவருடைய நாணய ஆய்வை ‘கெட்ட பணம் நல்ல பணத்தை விரட்டும்’ என்ற ஒற்றை வரியில் முடித்துவிட்டது. அந்த உண்மையை அவர் கண்டது மெய்தான். ஆயினும் அவர் வாதாடியது அதைவிடப் பெரிய ஒன்றுக்காக.

1519 முதல் 1521 வரை போலந்துடன் நடந்த போரின் செலவுக்காக, பால்டிக் கடலோரப் பிரஷ்யாவின் ஒரு பகுதியை ஆண்ட டியூட்டானிக் வீரத்துறவியர் சபை, வெள்ளியைக் குறைத்துச் செம்பைக் கூட்டி நாணயம் அடித்தது. 1525-இல் சபைத் தலைவர் ஆல்பிரெக்ட், போலந்து அரசர் முதலாம் சிகிஸ்முண்டுக்குப் பணிந்து பிரஷ்யாவின் கோமகனானபோது, மாற்றுக் குறைந்த அந்தக் காசுகளும் அவருடைய நாட்டோடு சேர்ந்தே வந்தன. போலந்து அரசருக்கு நேரடியாக உட்பட்ட பிரஷ்யப் பகுதியிலோ தோருன், கிதான்ஸ்க், எல்பிளாங்க் ஆகிய நகரங்கள் தனித்தனியே நாணய உரிமை பெற்றிருந்தன. நல்ல வெள்ளியுள்ள பழைய நாணயங்களைப் பொற்கொல்லர்கள் பொறுக்கியெடுத்து உருக்க, எஞ்சிய மட்டமான காசோடு சந்தைக்குப் போன எளியவர்கள் விலையேற்றத்தைச் சுமந்தார்கள்.

கோப்பர்நிக்கஸ் 1526-இல் எழுதிய ஆய்வின் தொடக்கத்திலேயே, நாடுகளைச் சீரழிப்பவை உட்பூசல், பெருஞ்சாவு, விளைச்சலற்ற நிலம், நாணயத்தின் தரக்கேடு ஆகிய நான்கு என்று அவர் கூறுகிறார். நான்காவது ஓரடியாக வீழ்த்தாமல் மறைவாக, சிறிது சிறிதாக அரிப்பதால் சிலருக்கே புலப்படும் என்பது அவர் கருத்து. வானத்தை அளந்த அதே நிதானத்தை இங்கும் காண்கிறேன்.

அவர் சொன்ன தீர்வைத்தான் கட்டுரை விட்டுவிட்டது. நாணயச்சாலைகள் இரண்டுக்கு மேல் கூடாது: ஒன்று அரசரின் பகுதியில், மற்றொன்று கோமகனின் நாட்டில், இரண்டின் நாணயங்களிலும் ஒரு பக்கம் அரச முத்திரை இருக்க வேண்டும். ஒரு பவுண்டு எடையுள்ள தூய வெள்ளிக்கு இருபது மார்க் (அக்காலப் பண அலகு) என்பது அளவு. பழைய காசு முற்றிலும் செல்லாததாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அடிக்கும் கூலிக்கு மேல் ஆள்வோர் நாணயத்தில் ஆதாயம் தேடக்கூடாது. தம் வருவாய் போகுமென்று நகரங்கள் எதிர்த்தது இதனால்தான். இலாபத்தை விட அவற்றுக்கு மனமில்லை. 1528-இல் அரசரின் நாணயச்சாலை தோருனில் இயங்கத் தொடங்கியது அந்த நீண்ட இழுபறிக்குப் பிறகே.

இந்தப் பகுதியையும் தங்கள் வாசகர்களுக்கு எடுத்துரைக்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வரலாற்று ஆர்வமுள்ள வாசகர்