உன் பையன் ட்ரெய்னிங் போறதுக்கு முன்னாடி

மச்சான்,

உன் லெட்டர் வந்து பத்து நாளாச்சு, இப்பதான் உக்காந்து எழுதுறேன். பையன் எஸ்.ஐ. செலக்ட் ஆகி ஊனமாஞ்சேரிக்கு ட்ரெய்னிங் போறான்னு படிச்சதும் கண்ணு கலங்கிடுச்சுடா, திருவல்லிக்கேணி மேன்ஷன்ல நாம விடிய விடிய படிச்சதெல்லாம் ஞாபகம் வந்துச்சு.

ஆனா கடைசில ஒண்ணு கேட்டிருந்தியே, குடிச்சு உடம்ப கெடுத்துக்கிட்டவன் லாக்கப்புல செத்தா போலீஸ் என்ன பண்ணும்னு, அது மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு.

போன மாசம் எங்க தெரு பெயிண்டர், சனிக்கிழமை கூலி வாங்கி டாஸ்மாக்ல குடிச்சிட்டு ரோட்ல சத்தம் போட்டாருன்னு செக்சன் 75 கேஸ்ல ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அவர் சம்சாரம் ராத்திரி 11 மணிக்கு என் கதவ தட்டுச்சு. நான் போறப்ப உள்ள குறட்டை விட்டுட்டுக் கிடந்தார், போதை தெளிஞ்சதும் அனுப்பிடுறோம் சார்னாங்க. எனக்கு அந்தக் குறட்டை சரியாப் படல, எழுப்பிப் பாருங்கன்னேன், கண்ணே திறக்கல. முடிக்குள்ள அடிபட்ட வீக்கம். ஜிஹெச்ல ஸ்கேன் எடுத்தா மூளைல ரத்தக்கட்டு. பொழச்சுட்டார். வாயை மோந்து பாத்தவங்க யாரும் தலைய தொட்டுப் பாக்கலடா.

வெளிய கிடந்தா பொண்டாட்டியோ ஒரு ஆட்டோக்காரனோ தூக்கிட்டுப் போவாங்க, உள்ள போட்டுப் பூட்டிட்டா அந்த வேலை பூட்டுனவன் கைக்கு வந்துடுது. குற்ற விசாரணை முறைச் சட்டம், பழைய சிஆர்பிசில 55ஏ பிரிவு, இப்ப அதுக்குப் பதிலா வந்த பிஎன்எஸ்எஸ்ல 56வது பிரிவு, சொல்றது இதத்தான், கஸ்டடில வெச்சிருக்கறவர் அந்த ஆளோட உடம்பையும் பாதுகாப்பையும் பாத்துக்கணும். செத்துட்டா மாஜிஸ்ட்ரேட் விசாரணை. 1993ல நீலாவதி பெஹரா கேஸ்ல, ஒடிசால ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போன பையன் தண்டவாளத்துல பொணமா கிடந்தான், சுப்ரீம் கோர்ட் அரசை 1.5 லட்சம் குடுக்க வெச்சுச்சு. அவன் குடிகாரன்னு சொல்றது பதிலே கிடையாது, குடிச்சிருக்கான்னு தெரிஞ்சும் எத்தன தடவ போய் பாத்தேங்கறதுதான் கேள்வி.

ஆஸ்திரேலியால டான்யா டேன்னு ஒரு அம்மா, 2017ல ரயில்ல போதைல தூங்கிட்டு இருந்தவங்கள செல்லுல போட்டாங்க, உள்ள விழுந்து தலைல அடி, ஜன்னல் வழியா எட்டிப் பாத்ததோட சரி, 17 நாள்ல போயிட்டாங்க. அவங்க குடும்பம் விடாம போராடி, 2023ல விக்டோரியால பொது இடத்துல போதைல இருக்கறதே குற்றமில்லன்னு ஆக்குனாங்க. இங்கிலாந்துல போதைல இருக்கறவன அரை மணிக்கு ஒரு தடவ எழுப்பிப் பேச வைக்கணும்னே ரூல்.

இன்னொண்ணு, தினமும் குடிக்கிறவனுக்கு ஆபத்து அன்னிக்கு ராத்திரியோட முடியாது. குடி நின்ன ரெண்டாம் நாள் மூணாம் நாள், ரிமாண்டாகி புழல் போயிருப்பான், அப்பதான் கை நடுங்கி, ஃபிட்ஸ் வந்து, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். நடிக்கிறான்னு விட்டா உயிரே போயிடும், மாத்திரை ஊசிக்கு அடங்கற விஷயம்டா அது.

பையன்கிட்ட சொல்லு, மல்லாக்கப் போடாம ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும், வாந்தி தொண்டைல அடைச்சிடும். பேர கேட்டு பதில் வரலேன்னா விடியட்டும்னு காத்திருக்காம 108 கூப்பிடணும். பொங்கலுக்கு வரப்ப அவனையும் கூட்டிட்டு வா, அந்தப் பெயிண்டர் வீட்டுக்கு ஒரு நடை போயிட்டு வரலாம்.

உன்
பழைய ரூம்மேட்