காத்திருப்போர் கூடத்து டி.வி. பற்றி மருத்துவமனை நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். 22 வருடமாக செவிலியராக வேலை பார்க்கிறேன். ஆள் பற்றாக்குறை, மருந்து இருப்பு, படுக்கைகள் என்று உங்களிடம் பேச எவ்வளவோ இருக்கிறது. இந்த மடல் அவற்றைப் பற்றியது அல்ல. காத்திருப்போர் கூடத்தில் சுவரின் உச்சியில் மாட்டி, காலையில் போட்டுவிட்டால் இரவு வரை யாரும் தொடாமல் ஓடிக்கொண்டிருக்கும் டி.வி.யைப் பற்றியது.

ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். ஐ.சி.யூ.வுக்கு வெளியே ஒரு அப்பா உட்கார்ந்திருந்தார். பைக்கில் போன மகன் அடிபட்டு உள்ளே கிடக்கிறான். அவர் தலைக்கு நேர் மேலே டி.வி.யில் வேறெங்கோ நடந்த சாலை விபத்தின் சிசிடிவி காட்சி. பைக் வருகிறது, வளைகிறது, மோதுகிறது. மோதும் இடத்தைச் சுற்றி சிவப்பு வட்டம். அப்புறம் அதையே மெதுவாக. அப்புறம் மறுபடி முதலிலிருந்து. நான் அந்தப் பக்கம் போனபோது அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குனிந்திருந்தார். ரிமோட்டைத் தேடினேன். பூட்டிய அறையில் இருக்கிறது, சாவி வைத்திருந்தவர் ஷிஃப்ட் முடிந்து போய்விட்டார் என்றார்கள். ஸ்டூல் போட்டு ஏறி பிளக்கைப் பிடுங்கினேன். மறுநாள் கூப்பிட்டு விசாரித்தார்கள். “அது விளம்பரக் கம்பெனி இலவசமா மாட்டிக் கொடுத்த டி.வி. சிஸ்டர். இத்தனை மணி நேரம் ஓடணும்னு காண்ட்ராக்ட்ல இருக்கு” என்று பதில் வந்தது.

அந்த ஓர் இடத்தைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அதற்கு முன்பும் பின்பும் வேலை பார்த்த இடங்களிலும் நிலைமை இதுதான். நோயாளியின் உடம்புக்குள் போகும் எதையும் அளவு பார்க்காமல் நாம் கொடுப்பதில்லை. ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினாலும் யார் எழுதினார்கள், எப்போது தொடங்கியது, எப்போது நிறுத்த வேண்டும் என்று கேஸ் ஷீட்டில் இருக்கும். கண் வழியாகவும் காது வழியாகவும் மணிக்கணக்காக உள்ளே போவதற்கு மட்டும் ஏன் யாரும் பொறுப்பில்லை என்பதுதான் என் கேள்வி. அதுவும் உடம்பில் வேலை செய்கிறது. எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

பி.பி.யிலிருந்தே தொடங்குகிறேன், அது என் கையில் தினமும் ஓடும் வேலை. பார்ப்பதற்கு முன் 5 நிமிடமாவது நோயாளி அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும், முதுகுக்குச் சாய்மானம் வேண்டும், பாதம் தரையில் பட வேண்டும், பேச்சுக் கொடுக்கக் கூடாது. இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருப்பது. நடைமுறையில் அந்த 5 நிமிடமும் டி.வி.க்குக் கீழேதான் கழிகிறது. நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தும் விவாத நிகழ்ச்சிக்குக் கீழே, ஒரு வயதான அம்மாவின் கையில் பட்டையைச் சுற்றி அழுத்திக்கொண்டிருக்கிறேன். கருவி 168 காட்டுகிறது. பக்கத்து அறையில் உட்காரவைத்துக் கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் 144. இரண்டாம் தடவை பார்த்தாலே கொஞ்சம் குறையும் என்பதும் எனக்குத் தெரியும். முழுப் பழியையும் டி.வி. மேல் போடவில்லை. ஆனால் அந்த முதல் எண்ணை அப்படியே சீட்டில் எழுதியிருந்தால் அந்த அம்மாவின் மாத்திரை கூடியிருக்கும். ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் குழுவினர் ரத்ததானம் செய்ய வந்தவர்களிடம் இதைப் பார்த்து, 2003-ல் வெளியிட்டிருக்கிறார்கள். டி.வி. ஓடிய நாட்களைவிட, ஓடாத நாட்களில் கொடையாளர்களின் பி.பி.யும் நாடித்துடிப்பும் குறைவாக இருந்தன. ஊசிக்குக் காத்திருப்பவர்களின் பதற்றத்தை டி.வி. தணிக்கும் என்று நினைத்துத்தான் நாமெல்லாம் மாட்டினோம்.

செய்திச் சேனல் இன்னும் மோசம். 2013-ல் பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தில் குண்டு வெடித்ததே, அதற்குப் பிறகு சில வாரங்களில் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. வெடிப்புக்கு அடுத்த வாரத்தில் தினமும் 6 மணி நேரமோ அதற்கு மேலோ அந்தச் செய்தியிலேயே மூழ்கியிருந்தவர்களிடம் கடும் மன உளைச்சலின் அறிகுறிகள் அதிகம் காணப்பட்டன. வெடிப்பை நேரில் அனுபவித்தவர்களிடம் இருந்ததைவிடவும் அதிகம். ஏற்கெனவே கலங்கிப் போனவர்கள்தான் டி.வி.யை விட்டு எழுந்திருக்க முடியாமல் பார்த்திருப்பார்கள் என்று சொல்ல இடமிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் இருப்பவருக்குச் சேனலை மாற்றவோ எழுந்து போகவோ முடியும். டோக்கன் எண் கூப்பிடுவதற்காகக் காத்திருப்பவர் எங்கே எழுந்து போவார்?

தற்கொலைச் செய்திகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மனநலப் பிரிவுக்கு வெளியேயும் அதே டி.வி.தான். ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில் 1980-களில் சுரங்க ரயிலில் பாய்ந்து உயிரை விடுவது அதிகரித்தபோது, பத்திரிகைகள் அதைப் பரபரப்பாக எழுதிக்கொண்டிருந்தன. 1987-ல் எப்படி எழுத வேண்டும், எதைத் தவிர்க்க வேண்டும் என்று வழிமுறைகள் கொடுக்கப்பட்டன. பத்திரிகைகள் அடக்கி வாசித்தன. அந்த வருடத்தின் முதல் பாதியோடு ஒப்பிட்டால் இரண்டாம் பாதியில் சுரங்க ரயில் தற்கொலைகளும் முயற்சிகளும் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தன. உலக சுகாதார நிறுவனம் ஊடகங்களுக்குத் தரும் வழிகாட்டியிலும், எந்த முறையில் நடந்தது என்று விவரிக்காதீர்கள், திரும்பத் திரும்பச் சொல்லாதீர்கள் என்றே இருக்கிறது. சேனல்கள் கேட்கிறார்களா இல்லையா என்பது வேறு கதை. தன்னைத்தானே முடித்துக்கொள்ள முயன்று பிழைத்து, முதல் ஆலோசனைக்கு வந்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் கண்முன்னே அந்தச் செய்தியை அரை மணிக்கொரு தடவை ஓடவிடுவது நாம்.

சுகர் ஓ.பி.யில் தின்பண்ட விளம்பரம் ஓடுவதை எத்தனை பேர் கவனித்திருக்கிறீர்களோ. அமெரிக்காவில் 2009-ல் வெளிவந்த ஒரு சோதனையில், உணவு விளம்பரங்கள் கலந்த கார்ட்டூன் பார்த்த பிள்ளைகள், வேறு விளம்பரங்கள் கலந்த கார்ட்டூன் பார்த்தவர்களைவிட 45 சதவீதம் அதிகமாகக் கொறித்தார்கள். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு, அடுத்த பரிசோதனைக்கு இரண்டு மணி நேரம் காத்திருக்கும் நோயாளியை அந்தத் திரைக்கு எதிரே உட்காரவைக்கிறோம்.

உள்ளே டாக்டர் சொல்வது என்ன? “டி.வி. முன்னாடி உக்காந்தே இருக்காதீங்க.” சரியான அறிவுரைதான். ஆஸ்திரேலியாவில் 8,800 பேரை வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்து 2010-ல் வெளியிட்ட ஆய்வில், தினமும் 2 மணி நேரத்துக்குக் குறைவாக டி.வி. பார்த்தவர்களைவிட 4 மணி நேரமும் அதற்கு மேலும் பார்த்தவர்களுக்கு இறப்பு அபாயம் 46 சதவீதம் கூடுதலாக இருந்தது. டி.வி. மட்டுமே காரணம் என்று அதிலிருந்து சொல்லிவிட முடியாது, உடற்பயிற்சி, புகைப்பழக்கம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் தொடர்பு மறையவில்லை என்றுதான் சொல்லலாம். எப்படியானாலும், அந்த அறிவுரையைக் கேட்டுவிட்டு வெளியே வருபவர் முதலில் பார்ப்பது நாம் மாட்டிய டி.வி.யை.

குழந்தைகள் பிரிவைப் பற்றி எழுதும்போது எனக்குக் கை நிற்காது. தடுப்பூசிக்கு வரிசையில் இருக்கும் அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். மடியில் ஆறு மாதக் குழந்தை. அம்மா முகத்தைக் குனிந்து ஏதோ சொல்லிக் கொஞ்சுகிறாள். குழந்தையின் தலை மெதுவாகத் திரும்பி, கழுத்து பின்னால் வளைந்து, மேலே மின்னும் திரையில் போய் நிலைத்துவிடுகிறது. அம்மா இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்க்கிறாள். அப்புறம் அவளும் நிமிர்ந்து திரையைப் பார்க்கத் தொடங்குகிறாள். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது. அதே 2009-ல் வந்த இன்னோர் ஆய்வில், குழந்தைகளின் உடையில் சின்ன ஒலிப்பதிவுக் கருவி வைத்து நாள் முழுக்க எண்ணிப் பார்த்தார்கள். காதில் விழும்படி டி.வி. ஓடிய ஒவ்வொரு மணி நேரத்துக்கும், பெரியவர்களிடமிருந்து குழந்தை கேட்ட சொற்கள் 770 குறைந்தன. அந்த அம்மா வாயைத் திறந்து மூடியதை நேரில் பார்த்தவளுக்கு இந்த எண் வெறும் எண்ணாகத் தெரியவில்லை.

டி.வி.யே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இதே குழந்தைகள் பிரிவில் அது மருந்தாகவும் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். இத்தாலியின் சியனாவில் 7 முதல் 12 வயது வரையிலான பிள்ளைகளுக்கு ரத்தம் எடுக்கும்போது, சிலருக்குக் கார்ட்டூன் போட்டுக் காட்டினார்கள், சிலரை அம்மா பேச்சுக் கொடுத்துத் திசைதிருப்பினார், சிலரை அப்படியே விட்டார்கள். வலி குறைவாக இருந்ததாகச் சொன்னவர்கள் கார்ட்டூன் பார்த்த பிள்ளைகள்தான். 2006-ல் வெளிவந்தது இது. அதைப் படித்த பிறகு ஊசி போடும் அறைக்கு ஒரு சின்னத் திரை வேண்டும் என்று எழுதிக் கேட்டேன், கிடைக்கவில்லை. வார்டில் பார்க்க ஆளே வராத ஒரு தாத்தாவுக்குச் சாயங்காலம் ஒரு மணி நேரம் பழைய பாட்டு நிகழ்ச்சி போட்டுவிட்டால், அன்றைக்கு அவர் ஒழுங்காகச் சாப்பிடுவார். யாருக்கு, எப்போது, எவ்வளவு நேரம் என்று பார்த்துப் போட்டதால் அது பயன்பட்டது. கூடத்தில் அப்படிப் பார்ப்பதற்கு ஒருவரும் இல்லை.

நோயாளிகளே கேட்கிறார்களே என்பீர்கள். சிலர் கேட்பது உண்மைதான். நிறுத்தினால் ‘ஏன் நிறுத்தினீங்க’ என்பவர்கள் உண்டு. ஆனால் சத்தத்தில் தன் பெயரைக் கூப்பிட்டது கேட்காமல் வரிசையை விட்டவர்களும் உண்டு, அவர்கள் யாரிடமும் புகார் எழுதுவதில்லை. காது மெஷின் வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கருவி டி.வி. சத்தத்தையும் சேர்த்தேதான் பெரிதாக்கிக் கொடுக்கிறது.

நான் கேட்பதில் செலவு அதிகம் இல்லை. பி.பி. பார்க்கும் இடத்திலும் ஐ.சி.யூ. வாசலிலும் மனநலப் பிரிவிலும் டி.வி.யைக் கழற்றிவிடுங்கள். மற்ற கூடங்களில் செய்திச் சேனலை எடுத்துவிட்டு, சத்தத்தை நிறுத்தி, டோக்கன் எண்ணையும் அமைதியான காட்சிகளையும் மட்டும் காட்டலாம். கைக்குழந்தைகள் காத்திருக்கும் இடத்தில் திரைக்குப் பதில் நாலு படப்புத்தகம் போதும். ராத்திரி வார்டில் ஒலி சராசரியாக 30 டெசிபெலைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 1999-லேயே சொன்ன அளவு. பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் தூங்க வேண்டும் என்பதற்காகவாவது டி.வி.க்கு ஒரு நேரம் குறியுங்கள்.

இலவசமாக மாட்டிக் கொடுத்த டி.வி.களின் காண்ட்ராக்ட் புதுப்பிக்க வரும்போது அதில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: பணியில் இருக்கும் செவிலியர், நோயாளியின் நலன் கருதி எந்த நேரத்திலும் இதை அணைக்கலாம். ரிமோட்டை நர்ஸிங் ஸ்டேஷனில் வைத்துவிடுங்கள். அடுத்த தடவை ஒரு அப்பா காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தால், டியூட்டியில் இருக்கும் பெண் ஸ்டூலைத் தேடி ஓட வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
உங்கள் வார்டுகளில் ஒன்றில் பணியில் இருக்கும் ஒரு செவிலியர்